கல்லூரியும் தொழிற்சாலையும் சேர்ந்து பயிற்சி தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் பாலிடெக்னிக் மாணவர்களைத் தொழிற்சாலைப் பயிற்சிக்கு அனுப்பும் வேலையைப் பல வருடமாகப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு இளம் ஆசிரியர் தான் போட்ட முதல் புரிந்துணர்வு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினார். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. மாணவர் எந்த மெஷினில் நிற்பார் என்பதை மட்டும் காணோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஃபோர்மேனைக் கேட்காமல் ஒப்பந்தம் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு பம்ப் உதிரிபாகத் தொழிற்சாலை. மனிதவள மேலாளர் மரியாதையாகப் பேசி, 12 மாணவர்களை எடுத்துக்கொண்டார். படிப்புக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்ந்த மூன்றரை வருட சாண்ட்விச் டிப்ளமோவில் முழுக்கத் தொழிற்சாலையில் கழிக்க வேண்டிய செமஸ்டர் அது. இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு பையனின் பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டினேன். 'இம்பெல்லரில் பிசிர் எடுத்தேன்.' பம்புக்குள் சுழலும் சக்கரம்தான் இம்பெல்லர்; அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் துணுக்கை அரத்தால் தேய்த்து எடுக்கும் வேலை. மறுநாளும் அதே வரி. தேதி மட்டும் மாறிக்கொண்டே 18 பக்கம். உள்ளங்கையில் அரம் பிடித்துக் காய்ப்பு ஏறியிருந்தது. நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரை அவன் தொடவே இல்லை.

மெஷின் வேலையை மேற்பார்க்கும் ஃபோர்மேனிடம் போனேன். "சார், பசங்க வர்றாங்கன்னு அன்னைக்குக் காலைலதான் எனக்கே சொன்னாங்க. ஷிப்டுக்கு இத்தனை பீஸ் ஓடணும். சி.என்.சி.யை நிறுத்தி வச்சு எப்படிங்க சொல்லித்தர்றது?" சி.என்.சி. என்றால் கணினி கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின். அவர் மேல் தப்பே இல்லை. அப்புறம் வேலைக்கான நேர்முகத்தில், டூல் ஆஃப்செட் (வெட்டும் கருவியின் நிலையை மெஷினுக்குச் சொல்லும் அளவு) எடுக்கத் தெரியாமல் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் வெளியே வந்தார்கள்.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோருக்குப் போங்கள். எந்த வாரம் எந்த மெஷின், சொல்லித்தருபவர் யார், அந்த நேரத்துக்காக அவருடைய உற்பத்திக் கணக்கில் எத்தனை பீஸ் குறைப்பார்கள்? மூன்றையும் எழுதி, ஃபோர்மேனின் கையெழுத்தையும் வாங்குங்கள். குறைக்க மாட்டோம் என்றால் வேறு தொழிற்சாலை பாருங்கள்.

சட்டம் தெரியாமல் பேசப் போவது

1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர் எடுத்தே ஆக வேண்டும். ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. இது தெரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவதோடு விடுவது

சுற்றிப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழியையும் சொல்லுங்கள். பிளஸ் 2 தொழிற்கல்விப் பிரிவு முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அதைச் சொல்ல ஆளில்லாமல் ஒரு வருடத்தை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஓசியில் வரும் பழைய மெஷின்

தொழிற்சாலை கல்லூரிக்கு இலவசமாகத் தரும் மெஷினை ஓட்டிப் பார்க்காமல் ஏற்றி வராதீர்கள்.

ஸ்டைபண்ட்

பயிற்சிக் காலத்தில் தொழிற்சாலை தரும் உதவித்தொகை நேராக மாணவனின் வங்கிக் கணக்குக்கு. கல்லூரி வழியாக வேண்டாம்.