இரவில் துறைமுகத்துக்குள் நுழைய விளக்குகளைப் படிப்பது எப்படி

முதலில் கடல் வரைபடத்தைப் பாருங்கள், எந்த விளக்கு என்ன நிறத்தில் எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னும் என்று அதிலேயே இருக்கும். கரையில் கடை விளக்கும் சிக்னல் விளக்கும் கலந்து தெரியும்போது நிறத்தை மட்டும் நம்பவே கூடாது, கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து மின்னும் இடைவெளியை எண்ணிப் பார்த்த பிறகுதான் இது நம்ம மிதவை (வழியைக் காட்ட நீரில் மிதக்கவிட்ட அடையாளம்) என்று முடிவு செய்ய வேண்டும்.

கடலிலிருந்து உள்ளே வரும்போது இந்தியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா பக்கமெல்லாம் சிவப்பு மிதவை இடப்புறம், பச்சை மிதவை வலப்புறம். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸில் அப்படியே தலைகீழ். இதில் குழம்பினால் நேராகத் தரைதட்ட வேண்டியதுதான்.

அப்புறம் வழிகாட்டும் இரட்டை விளக்கு. முன்னால் தாழ்வாக ஒன்று, பின்னால் உயரமாக ஒன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் கால்வாயின் நடுக்கோட்டில் இருக்கிறீர்கள். கீழ் விளக்கு இடப்பக்கம் நகர்ந்தால் நீங்கள் வலப்பக்கம் விலகிவிட்டீர்கள், அதனால் கீழ் விளக்கு போன பக்கமே மெதுவாகத் திருப்புங்கள். ஆனால் கோடு சரியாக இருக்கிறதே என்று கடைசிவரை போகாதீர்கள், எங்கே திரும்ப வேண்டும் என்பதை வரைபடத்தில் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

எதிரே ஒரு கப்பலின் சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகள் இரண்டும் சேர்ந்து தெரிகிறதா? அது உங்களை நோக்கித்தான் வருகிறது. இருவருமே இயந்திரத்தில் ஓடினால், வலப்பக்கம் ஒதுங்குங்கள்.