விடுமுறை நாளில் உடையும் 30 நாள் சவால்

உடற்பயிற்சி சவாலை எப்போது தொடங்கினாலும் விடுமுறை நாளில்தான் உடைந்தது. கூடுதல் அலாரம் வைத்தேன், நாள்காட்டியில் டிக் அடித்தேன், நேரத்தைப் பாதியாக்கினேன். பலனில்லை. அப்புறம்தான் கவனித்தேன்: பயிற்சி காலை ஆறு மணியோடு கட்டப்பட்டிருந்தது, தாமதமாக எழுந்தால் அதற்கு இடமே இல்லை. சரி, காலை உணவுக்குப் பிறகு என்று மாற்றினேன். அதுவும் நழுவியது. சாப்பாடு எங்கே முடிகிறது, கைபேசி எங்கே தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? கடைசியில், பல் துலக்கி பிரஷ்ஷை வைத்த கையோடு பயிற்சி என்றாக்கினேன். பிடித்துக்கொண்டது. புதுப் பழக்கத்தைக் கட்டிவைக்க, முடிகிற கணம் தெளிவாகத் தெரியும் செயலாகப் பாருங்கள்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற கணக்கையும் விட்டேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் 2009 ஆய்வு, பழக்கம் படிய ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என மதிப்பிட்டது. ஒருநாள் தவறினால் இப்போது முதலிலிருந்து எண்ணுவதில்லை.