காசிமேட்டு மீன் விலைப் பலகை: கூட்டத்தைத் தாங்கும் சர்வரைக் கட்டுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் சேரும் கூட்டத்தை வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்துக்காக ஒரு சிறிய விலைப் பலகையை இந்தப் பாடத்தில் கட்டப்போகிறோம். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கடம்பா, இறால் ஆகியவை இன்று கிலோ என்ன விலை என்று அது காட்டும். விருப்பமுள்ளவர்கள் ஒரு பெட்டி மீனை முன்பதிவும் செய்துகொள்ளலாம்.

பயிற்சிக்கு இந்த உதாரணத்தை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. வார நாட்களில் இந்தப் பலகையைச் சிலரே பார்ப்பார்கள், ஞாயிறு காலையில் ஆயிரக்கணக்கானோர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஃபைபர் படகுகள் கொண்டுவரும் மீன்தான் கிடைக்கும், பலகைக்கும் வேலை குறைவு. தடை முடிந்து படகுகள் கரை திரும்பியதும் கூட்டம் அலைமோதும். சர்வரைப் பெருக்கவும் தெரிய வேண்டும், சுருக்கவும் தெரிய வேண்டும் என்பதை இந்த ஏற்ற இறக்கம் நன்றாகக் கற்றுத்தரும்.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சர்வர் திணறுகிறது என்றவுடன் பெரிய கணினியை வாடகைக்கு எடுக்கப் பலரும் ஓடுகிறார்கள். அதற்கு முன், கோரிக்கைகள் எந்த இடத்தில் காத்து நிற்கின்றன என்று கண்டுபிடியுங்கள். அந்த இடம் தெரியாமல் கூட்டும் ஒவ்வொரு கணினியும் வீண் செலவு.

உங்களுக்கு அடிப்படைப் பைத்தான் தெரிந்திருந்தால் போதும். லேப்டாப்பில் ஃபாஸ்ட்ஏபிஐ (வலைச் சேவை எழுத உதவும் பைத்தான் நூலகம்), யூவிகார்ன் (அதை ஓட்டும் சர்வர்), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்), அப்பாச்சி பெஞ்ச் (கோரிக்கைகளைக் குவித்து வேகத்தை அளக்கும் கருவி) ஆகிய நான்கையும் நிறுவிக்கொள்ளுங்கள். ஆறாம் படி வரைக்கும் கிளவுட் (வாடகைக் கணினிச் சேவை) கணக்கே தேவையில்லை.

படி 1: முதலில் அளவெடுங்கள்

விலையைத் திருப்பியனுப்பும் ஒரே ஒரு ஃபங்ஷனை எழுதுங்கள். தரவுத்தளத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதற்குப் பதிலாக ஃபங்ஷனுக்குள் 0.2 நொடி தூங்கச் சொல்லும் ஒரு வரியைப் போடுங்கள். தரவுத்தளத்தின் பதிலுக்காகச் சர்வர் காத்திருக்கும் நேரத்தை அந்த வரி குறிக்கும். யூவிகார்னை ஒரே ஒரு பிராசஸாக (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்) ஓடவிட்டு, அப்பாச்சி பெஞ்ச் மூலம் மொத்தம் 1,000 கோரிக்கைகளை, ஒரே நேரத்தில் 100 வீதம் அனுப்புங்கள்.

வரும் அறிக்கையில் சராசரியைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். கீழே இருக்கும் சதவீதப் பட்டியலில் 95, 99 ஆகிய வரிகளைப் பாருங்கள். 99-க்கு எதிரே 4 நொடி என்று இருந்தால், நூற்றில் ஒருவர் நான்கு நொடிக்கு மேல் காத்திருந்தார் என்று பொருள். சராசரி அரை நொடியாகவே இருந்தாலும் அந்த ஒருவருக்கு உங்கள் பலகை மெதுவானதுதான்.

படி 2: ஒரே ஃபங்ஷனை மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்

இந்தப் பாடத்தின் உயிர்நாடி இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதல் விதத்தில் ஃபங்ஷனை அசிங்க் டெஃப் (async def) என்று தொடங்கி, உள்ளே சாதாரண டைம் ஸ்லீப்பை (time.sleep) போடுங்கள். சோதனை முடிய ஏறத்தாழ 200 நொடிகள் ஆகும். ஒவ்வொரு கோரிக்கையும் முந்தையது முடியும்வரை நிற்கிறது. 1,000 கோரிக்கைகளை 0.2-ஆல் பெருக்கினால் 200. வரிசையில் 100 பேர் நிற்பதால் ஒவ்வொருவருக்கும் சுமார் 20 நொடி காத்திருப்பு.

இரண்டாம் விதத்தில் அசிங்க் என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட்டு வெறும் டெஃப் ஆக்குங்கள். ஐந்து நொடி அளவில் முடிந்துவிடும். இப்படி எழுதிய ஃபங்ஷன்களை ஃபாஸ்ட்ஏபிஐ தனித்தனி த்ரெட்களில் (ஒரு பிராசஸுக்குள் ஓடும் வேலை இழைகள்) ஓட்டுகிறது. அதற்கென்று வழக்கமாக ஒதுக்கப்படும் த்ரெட்கள் 40. ஒரே நேரத்தில் 40 பேர் உள்ளே, மற்றவர்கள் வெளியே.

மூன்றாவதாக மீண்டும் அசிங்க் டெஃப். இம்முறை உள்ளே அவெய்ட் (await) சேர்த்து அசிங்க்ஐஓ ஸ்லீப்பை (asyncio.sleep) பயன்படுத்துங்கள். இரண்டு நொடிக்குச் சற்று மேலே முடியும். ஒரு கோரிக்கை காத்திருக்கும்போது அதே த்ரெட் அடுத்த கோரிக்கையைக் கவனிக்கப் போய்விடுகிறது. ஆகவே நூறு பேரும் ஒன்றாகக் காத்திருந்து ஒன்றாக வெளியே வருகிறார்கள்.

கணினி மாறவில்லை, பணமும் செலவாகவில்லை. 200 நொடி வேலை 2 நொடிக்கு வந்துவிட்டது. கன்கரன்சி என்பதன் பயன் இதுதான்: காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல் அடுத்தவரைக் கவனிப்பது. முதல் விதத்தில் நடந்ததையும் மறக்காதீர்கள். அசிங்க் என்று எழுதிவிட்டதாலேயே வேகம் வந்துவிடாது. உள்ளே காத்திருக்க வைக்கும் பழைய நூலகம் ஒன்று இருந்தாலும் எல்லாக் கோரிக்கைகளும் அதன் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. ஓர் இடத்துக்குள் இருப்பவர்களின் எண்ணிக்கை, நொடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒருவர் உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். உள்ளே 40 பேருக்கு இடம், ஒருவருக்கு 0.2 நொடி என்றால் நொடிக்கு அதிகபட்சம் 200 பேர். ஞாயிறு காலை நொடிக்கு 300 பேர் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சோதிக்காமலேயே சொல்லிவிடலாம். இந்த ஒரு பெருக்கலைக் கற்றுக்கொண்டவர்கள் பாதிக் குழப்பத்திலிருந்து தப்பிவிடுவார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

படி 3: சிபியு வேலைக்குத் தனிப் பிராசஸ்

முன்பதிவு ரசீதைப் பிடிஎஃப் ஆக்குவது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது போன்றவை காத்திருக்கும் வேலைகள் அல்ல. சிபியுவை உழைக்க வைப்பவை. இவற்றில் அவெய்ட் உதவாது. பைத்தானின் வழக்கமான பதிப்பில், ஒரு பிராசஸுக்குள் ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்தான் பைத்தான் கட்டளைகளை ஓட்ட முடியும். ஆகவே யூவிகார்னைத் தொடங்கும்போது வொர்க்கர் (அதே நிரலை ஓட்டும் தனிப் பிராசஸ்) எண்ணிக்கையைக் கணினியின் கோர் எண்ணிக்கைக்குச் சமமாகக் கொடுங்கள், நான்கு கோர் என்றால் நான்கு. ரசீது உடனே வேண்டியதில்லை என்றால், அதை ஒரு வேலை வரிசையில் போட்டுவிட்டுப் பதிவு எண்ணை மட்டும் உடனே அனுப்பிவிடுவது இன்னும் நல்லது.

படி 4: கடைசிப் பெட்டி யாருக்கு?

வேகத்தைவிட இது முக்கியம். வேகம் குறைந்தால் மக்கள் சலித்துக்கொள்வார்கள். ஒரே பெட்டியை இருவருக்கு விற்றால் சண்டைதான் வரும்.

போஸ்ட்கிரெஸில் ஓர் அட்டவணையை உருவாக்கி, வஞ்சிரம் இருப்பு 50 பெட்டி என்று எழுதுங்கள். இருப்பைப் படித்து, பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் பைத்தானில் ஒன்றைக் கழித்து, புதிய எண்ணை எழுதி, முன்பதிவு அட்டவணையில் ஒரு வரி சேர்க்கும் ஃபங்ஷனை எழுதுங்கள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே 0.05 நொடி தூக்கம். இப்போது ஒரே நேரத்தில் 100 வீதம் 1,000 முன்பதிவுகளை அனுப்பிவிட்டு, முன்பதிவு வரிகளை எண்ணுங்கள். 50-ஐ வெகுவாகத் தாண்டியிருக்கும். இருவரும் ஒரே நொடியில் “இருப்பு 1” என்று படித்தார்கள், இருவரும் பெற்றுவிட்டார்கள்.

பைத்தானின் லாக்கை, அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டைப் போட்டு இதைச் சரிசெய்யலாம் என்று தோன்றும். அந்த லாக் ஒரு பிராசஸுக்குள் மட்டுமே செல்லும். மூன்றாம் படியில் நான்கு வொர்க்கர்களை ஓட்டத் தொடங்கிவிட்டோம். ஒருவர் போட்ட பூட்டை மற்ற மூவரும் அறியமாட்டார்கள். தீர்ப்பு தரவுத்தளத்தில்தான் நடக்க வேண்டும். “இருப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் கழி” என்பதை ஒரே அப்டேட் கட்டளையாக எழுதுங்கள். எத்தனை வரிகள் மாறின என்று தரவுத்தளம் சொல்லும். ஒன்று என்றால் பெட்டி கிடைத்தது, பூஜ்யம் என்றால் தீர்ந்துவிட்டது. கழிப்பதையும் முன்பதிவு வரியைச் சேர்ப்பதையும் ஒரே டிரான்சாக்ஷனில் (இரண்டும் சேர்ந்து நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது) வையுங்கள். சோதனையை மறுபடி ஓட்டினால் சரியாக 50 வரும்.

இன்னொன்று: துறைமுகக் கூட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும். பதில் வராதவர் பொத்தானை இன்னொரு முறை அழுத்துவார். ஒவ்வொரு முன்பதிவு முயற்சிக்கும் செல்போனிலேயே ஒரு தனி எண்ணை உருவாக்கி அனுப்பி, அந்த எண் அட்டவணையில் இரண்டு முறை வரக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்துவிட்டால் இரட்டைப் பதிவு நடக்காது.

படி 5: தரவுத்தளத்தைக் காப்பாற்றுங்கள்

மீன் விற்பவர்கள் பத்துப் பேர் இருந்தும் வெட்டிக் கொடுப்பவர் ஒருவரே என்றால், கூட்டம் அவர் கத்தியின் வேகத்தில்தான் நகரும். சர்வர்களைப் பெருக்கும்போது தரவுத்தளத்துக்கு அந்த நிலைதான்.

போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 100 இணைப்புகளையே ஏற்கும். ஒவ்வோர் இணைப்பும் தனிப் பிராசஸ். கணக்குப் போடுங்கள்: 4 கணினிகள், ஒவ்வொன்றிலும் 4 வொர்க்கர்கள், ஒவ்வொரு வொர்க்கருக்கும் 10 இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் பூல். மொத்தம் 160. மூன்றாவது கணினியிலேயே 120 ஆகி வரம்பைத் தாண்டிவிடுவதால், வேகம் கூடுவதற்குப் பதில், இணைப்பு மறுக்கப்பட்டுப் பிழைகள் வரும். பூல் அளவைக் குறையுங்கள், அல்லது நடுவில் பிஜிபவுன்சரை (சில இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் நிரல்) வையுங்கள். கணினி சேர்ப்பதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்யாமல் இருக்கவே கூடாது.

அடுத்தது கேஷ், அதாவது ஒருமுறை கிடைத்த பதிலைச் சேமித்து மறுபடி தருவது. விலைப் பலகை எல்லோருக்கும் ஒன்றுதான், நொடிக்கு நொடி மாறுவதும் இல்லை. என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரை முன்னால் வைத்து 5 நொடிக்கு மட்டும் பதிலைச் சேமிக்கச் சொல்லுங்கள். நொடிக்கு 1,000 பேர் பார்த்தாலும் தரவுத்தளத்துக்கு 5 நொடிக்கு ஒரு கேள்விதான் போகும். ஐந்து நொடி முடிந்த கணத்தில் நூறு பேர் ஒன்றாக உள்ளே பாயாமல் இருக்க, ஒருவரை மட்டும் அனுப்பி மற்றவர்களுக்குப் பழைய பதிலைத் தரும் அமைப்பும் அதில் உண்டு, அதையும் இயக்கிவிடுங்கள். முன்பதிவுப் பக்கத்தை மட்டும் கேஷ் செய்யாதீர்கள்.

படி 6: சர்வரிடம் எதையும் விட்டுவைக்காதீர்கள்

எந்தக் கணினியையும் எந்த நொடியும் அணைக்க முடிய வேண்டும். உள்நுழைவுத் தகவல் தரவுத்தளத்திலோ ரெடிஸிலோ (நினைவகத்தில் இயங்கும் வேகமான தரவுக் கிடங்கு) இருக்கட்டும். மீன் படங்கள் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (கோப்புகளுக்கான தனிக் கிடங்கு) போகட்டும். சர்வரின் வட்டில் நிரலைத் தவிர வேறொன்றும் தங்கக்கூடாது. பிறகு நிரலையும் அதற்குத் தேவையான நூலகங்களையும் ஒரு டாக்கர் இமேஜாக (எந்தக் கணினியிலும் அப்படியே ஓடும் பொதி) கட்டிவிடுங்கள்.

படி 7: இப்போதுதான் கிளவுட்

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அமேசானின் மும்பை மையம் 2016-லும் ஹைதராபாத் மையம் 2022-லும் வந்தன. மைக்ரோசாஃப்ட் அஜூருக்குச் சென்னையிலேயே மையம் இருக்கிறது. எதை எடுத்தாலும் சர்வரும் தரவுத்தளமும் ஒரே மையத்தில் இருக்கட்டும். சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 10 மில்லிநொடிக்குக் குறையாது. சர்வர் சென்னையிலும் தரவுத்தளம் மும்பையிலும் இருந்து, ஒரு பக்கத்துக்கு 20 கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் 200 மில்லிநொடி பயணத்திலேயே போய்விடும்.

இரண்டு சிறிய கணினிகளில் உங்கள் இமேஜை ஓட்டி, முன்னால் ஒரு லோட் பேலன்சரை (கோரிக்கைகளைக் கணினிகளுக்குப் பங்கிடும் கருவி) வையுங்கள். கணினி உயிரோடு இருக்கிறதா என்று அது கேட்க ஒரு தனி முகவரியைக் கொடுங்கள். ஒரு கணினியை வேண்டுமென்றே அணைத்துவிட்டுப் பலகை தொடர்ந்து தெரிகிறதா என்று பாருங்கள். இது நடக்காதவரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

பிறகு ஆட்டோ ஸ்கேலிங், அதாவது தேவைக்கேற்பக் கணினிகளைத் தானாகக் கூட்டிக் குறைப்பது. சிபியு அளவை வைத்துக் கணினிகளைக் கூட்டச் சொல்வதுதான் எல்லாரும் காட்டும் வழி. நம் சர்வருக்கு அது பொருந்தாது. கோரிக்கைகள் தரவுத்தளத்துக்காகக் காத்து நிற்கும்போது சிபியு சும்மா இருக்கும். மக்கள் தவித்துக்கொண்டிருக்க, ஸ்கேலிங் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு கணினிக்கு எத்தனை கோரிக்கைகள் என்ற அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிய கணினி எழுந்து வேலைக்குத் தயாராகச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். ஞாயிறு கூட்டம் அதற்காகக் காத்திருக்காது. வரப்போகிறது என்று தெரிந்த கூட்டத்துக்கு நேர அட்டவணையே சிறந்தது. ஞாயிறு அதிகாலை 3 மணிக்குக் குறைந்தபட்சக் கணினிகளை உயர்த்தி, நண்பகலில் இறக்குங்கள். இத்தகைய அட்டவணைகளில் பெரும்பாலும் உலகப் பொது நேரம்தான் (யூடிசி) இயல்பாக இருக்கும். நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். ஞாயிறு 3.00 மணி என்பதைச் சனிக்கிழமை 21.30 என்று எழுத வேண்டும். தடைக்காலத்துக்கு இன்னோர் அட்டவணை வைத்து, குறைந்தபட்சத்தை ஒன்றாக்கிவிடலாம். அதிகபட்சத்துக்கும் ஒரு வரம்பு போட்டுவிடுங்கள், செலவு எச்சரிக்கையையும் மறக்காமல் வையுங்கள்.

குபர்நெட்டீஸ் (பல கணினிகளில் பல நிரல்களை நிர்வகிக்கும் கருவி) கற்றால்தான் இதெல்லாம் முடியும் என்று யாராவது சொன்னால், இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரே ஒரு நிரலுக்கு அது வேண்டியதில்லை.

படி 8: மறு சோதனை, பிறகு சுத்தம்

முதல் படியின் அதே சோதனையை இன்னொரு கணினியிலிருந்து கிளவுடில் ஓட்டுங்கள். 1,000 கோரிக்கை போதாது, லட்சம் அனுப்புங்கள். இரண்டு கணினிகளோடு ஒருமுறை, அவற்றை நான்காக்கி இன்னொரு முறை ஓட்டி, 99 சதவீத வரி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் காத்திருப்பு பெரும்பாலும் தரவுத்தளத்தில் இருக்கும். ஐந்தாம் படிக்குத் திரும்பி, மெதுவான கேள்விகளுக்கு இண்டெக்ஸ் (தரவுத்தளத் தேடலை வேகமாக்கும் அகரவரிசை போன்ற பட்டியல்) இருக்கிறதா என்று தேடுங்கள்.

முடிந்ததும் முதலில் ஆட்டோ ஸ்கேலிங் குழுவை அழியுங்கள். கணினிகளை முதலில் அழித்தால் அது புதியவற்றை எழுப்பிவிடும். பிறகு லோட் பேலன்சர், தரவுத்தளம், அதன் ஸ்னாப்ஷாட்கள் (சேமித்த நகல்கள்), எஞ்சிய ஐபி முகவரிகள். அமேசானில் 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும், பயன்பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணிக் கணக்கில் கட்டணம் உண்டு. மறுநாள் கணக்குப் பக்கத்தைத் திறந்து, எந்த வரியிலும் தொகை ஏறவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.