ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு ஆங்கிலச் சொற்கள்: எதை எங்கே எழுதுவது?

அலுவலகத்தில் பணம் காணாமற்போகிறது. சக ஊழியர் ஒருவர்மீது ஐயம் கொண்ட ஒருவர் மேலாளருக்கு ‘ஐ டவுட் தட் ஹி டுக் தி மனி’ என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘அவர்தான் எடுத்திருப்பாரோ என்று சந்தேகப்படுகிறேன்’ என்பதே அவர் சொல்ல நினைத்தது. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அந்த வரியைப் படித்தால், ‘அவர் எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை’ என்றே புரிந்துகொள்வார். குற்றம் சுமத்த எழுதிய வாக்கியம் நற்சான்றாக மாறிவிடுகிறது. ‘டவுட்’ என்றால் ஒன்று உண்மையாக இருக்கும் என்பதை நம்பாமை. ‘சஸ்பெக்ட்’ என்றால், போதிய ஆதாரம் கையில் இல்லாவிட்டாலும், அப்படித்தான் இருக்கும் என்று உள்ளூர எண்ணுதல். ஆகவே அவர் எழுதியிருக்க வேண்டியது ‘ஐ சஸ்பெக்ட் தட் ஹி டுக் தி மனி’ என்பதாகும்.

நம் ‘சந்தேகம்’ இந்த இரண்டையும் தாங்குகிறது. வகுப்பில் புரியாததை ஆசிரியரிடம் கேட்கும் மூன்றாவது பொருளையும் சேர்த்துத் தாங்குகிறது. ‘சார், ஐ ஹாவ் எ டவுட்’ என்பது இந்திய ஆங்கிலத்தில் நன்கு ஊன்றிவிட்ட வழக்கு. நம் வகுப்பறைகளில் அது யாருக்கும் தவறாகப் புரிவதில்லை. ஆயினும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலோ பன்னாட்டு நிறுவனக் கூட்டத்திலோ அதையே சொன்னால், பேசியவர் கூறியதை நம்பவில்லை என்ற தொனி எழக்கூடும். அங்கே ‘ஐ ஹாவ் எ க்வெஸ்ச்சன்’ என்று சொல்வதே பொருந்தும்.

ஆங்கிலத்தில் நாம் குழம்பும் சொற்களைக் கூர்ந்து பார்த்தால், அவற்றுள் பெரும்பகுதி இப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆங்கிலம் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதைத் தமிழ் ஒரே சொல்லால் சொல்லுகிறது, அல்லது வேறோர் இடத்தில் பிரிக்கிறது. எனவே ஆங்கிலம்–தமிழ் அகராதியில் இரண்டு சொற்களுக்கும் ஒரே பொருள் போட்டிருப்பதைப் பார்த்து, அதை மனப்பாடம் செய்வதால் குழப்பம் தீராது. மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, ஒவ்வோர் இணையிடமும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செயல் யாரிடமிருந்து யாரை நோக்கிப் போகிறது? அந்த வினைக்குப் பின் ஆள் வருகிறதா, பொருள் வருகிறதா? சொல்பவரின் மனநிலை அதில் என்னவாக இருக்கிறது?

முதற்கேள்விக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கடன். தமிழில் ‘கடன்’ என்ற பெயர் அப்படியே நிற்க, ‘வாங்கு’, ‘கொடு’ என்ற வினைகள் திசையைக் காட்டிவிடுகின்றன. ஆங்கிலம் அந்தத் திசையை வினைக்குள்ளேயே வைத்திருக்கிறது: ‘பாரோ’ என்பது வாங்குபவரின் வினை, ‘லெண்ட்’ என்பது கொடுப்பவரின் வினை. ‘கேன் யூ பாரோ மீ யுவர் பென்’ என்ற பிழை, திசையைக் கவனியாமல் கடன் என்ற கருத்தை மட்டும் பற்றிக்கொள்வதால் வருவது. ‘கேன் ஐ பாரோ யுவர் பென்’, ‘கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதிப் பாருங்கள். இப்படிக் கேட்கும்போது ‘நான்’ முன்னால் வந்தால் ‘பாரோ’, ‘நீங்கள்’ முன்னால் வந்தால் ‘லெண்ட்’ என்பது கண்ணில் படும்.

‘ரிமெம்பர்’, ‘ரிமைண்ட்’ ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. தானாக நினைவில் வைத்திருப்பது ‘ரிமெம்பர்’. இன்னொருவருக்கு நினைவூட்டுவது ‘ரிமைண்ட்’. ‘நாளைக்கு எனக்கு ஞாபகப்படுத்துங்கள்’ என்பதற்கு ‘ப்ளீஸ் ரிமெம்பர் மீ டுமாரோ’ என்று எழுதினால், ‘நாளைக்கு என்னை நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று பிரியாவிடை சொல்வதுபோல் ஆகிவிடும். ‘ரிமைண்ட்’ வரும்போது யாருக்கு நினைவூட்டுகிறோம் என்பது பெரும்பாலும் உடனே பின்தொடரும்: ‘ரிமைண்ட் மீ’, ‘ரிமைண்ட் ஹிம்’.

இரண்டாம் கேள்வி, வினைக்குப் பின் என்ன வருகிறது என்பது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் மிகுந்த பயன் தருவது இதுதான். ‘ஸ்டீல்’, ‘ராப்’ இரண்டும் பறிபோவதைப் பற்றியவை. ‘ஸ்டீல்’ என்பதற்குப் பின் பறிபோன பொருள் வரும். ‘ராப்’ என்பதற்குப் பின் பறிகொடுத்த ஆளோ இடமோ வரும். எனவே ‘மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்’, ‘ஐ வாஸ் ராப்ட்’, ‘தி பேங்க் வாஸ் ராப்ட்’ என்று எழுத வேண்டும். ‘மை பர்ஸ் வாஸ் ராப்ட்’ என்றால் பணப்பையை யாரோ மிரட்டி, அதனிடமிருந்து எதையோ பறித்ததாக ஆகும்.

நாளிதழ்த் தமிழில் நாள்தோறும் வரும் ‘மறுத்தார்’ என்பதையும் இப்படியே பிரிக்கலாம். குற்றச்சாட்டை மறுத்தார் என்றால், அது உண்மையில்லை என்று சொன்னார். ஆங்கிலத்தில் அது ‘டினை’. பணத்தை வாங்க மறுத்தார் என்றால், வாங்கமாட்டேன் என்றார், அது ‘ரெஃப்யூஸ்’. நடந்ததைப் பற்றிய பேச்சானால் முன்னது, செய்யச் சொன்னதையோ கொடுக்க வந்ததையோ தள்ளுவதானால் பின்னது. ‘ரெஃப்யூஸ்ட் டு பே’ என்று சொல்லலாம். ‘டினைட் டு பே’ என்று சொல்லக் கூடாது. இதில் ஒரு கிளை உண்டு: ஒருவருக்கு உரியதை வழங்காமல் விடுவதற்கும் ‘டினை’ வரும். ‘ஹி வாஸ் டினைட் என்ட்ரி’ என்றால் அவரை உள்ளே விடவில்லை என்று பொருள்.

பார்த்தலும் கேட்டலும் சற்று நின்று கவனிக்க வேண்டியவை. கண் திறந்திருக்கும்போது தானாகப் படுவது ‘சீ’. கண்ணை வேண்டுமென்றே ஒன்றின்மேல் திருப்புவது ‘லுக் அட்’. அசைகிற அல்லது மாறுகிற ஒன்றைச் சிறிது நேரம் தொடர்ந்து கவனிப்பது ‘வாட்ச்’. சுவரில் மாட்டிய ஓவியத்தை ‘லுக் அட்’ செய்கிறோம். கிரிக்கெட் ஆட்டத்தை ‘வாட்ச்’ செய்கிறோம். சன்னல் வழியே தெருவில் போகும் நண்பரை ‘சீ’ செய்கிறோம். செவிக்கும் இதே பிரிவு உண்டு. ஒலி காதில் விழுவது ‘ஹியர்’. காது கொடுத்துக் கேட்பது ‘லிஸன் டு’. தொலைபேசியில் குரல் விட்டுவிட்டு வரும்போது ‘கேன் யூ ஹியர் மீ’ என்று கேட்கிறோம். அது இணைப்பைப் பற்றிய கேள்வி. அதே இடத்தில் ‘ஆர் யூ லிஸனிங் டு மீ’ என்று கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் கவனமில்லாமல் இருக்கிறார் என்று கடிந்துகொள்வதாகிவிடும். வேலைக்கான நேர்காணல் தொலைபேசியில் நடக்கும்போது இந்த வேறுபாடு அற்பமானதன்று. பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ‘ஐ ஆம் ஹியரிங் சாங்ஸ்’ என்று சொல்லாமல் ‘ஐ ஆம் லிஸனிங் டு சாங்ஸ்’ என்று சொல்வதும் இதனால்தான். ஒரு வேலையாகச் செய்துகொண்டிருப்பதற்கே அந்த ‘இங்’ வடிவம் இயல்பாகப் பொருந்துகிறது. தமிழில் ‘கேள்’ என்பது வினவுவதையும் குறிப்பதால், அந்தப் பொருளில் வரும் ‘ஆஸ்க்’ என்பதையும் இவற்றோடு சேர்த்தே படிப்பது நல்லது.

நிழலில் பெயர்ச்சொல்லே இரண்டாகிறது. வெயில் படாத குளிர்ந்த இடம் ‘ஷேட்’. ஒளியை மறைக்கும் பொருளின் வடிவம் தரையிலோ சுவரிலோ விழுந்தால் ‘ஷேடோ’. ஆலமரத்தடியில் உட்காரும்போது இருப்பது ‘ஷேட்’. நம் உடலைத் தொடர்ந்து வருவது ‘ஷேடோ’.

மூன்றாம் கேள்வியான மனநிலைதான் நுட்பமானது. ‘எதிர்பார்க்கிறேன்’ என்பதற்கு ‘எக்ஸ்பெக்ட்’, ‘ஹோப்’, ‘வெயிட் ஃபார்’, ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்று நான்கு உண்டு. ‘எக்ஸ்பெக்ட்’ என்பது காரணத்தோடு கூடிய கணிப்பு. விருப்பம் அதில் இருக்க வேண்டியதில்லை. புயலை ‘எக்ஸ்பெக்ட்’ செய்யலாம், ‘ஹோப்’ செய்ய முடியாது. ‘வெயிட் ஃபார்’ என்பது காத்திருந்து நேரத்தைக் கழிப்பது. மேலதிகாரிக்கோ பேராசிரியருக்கோ எழுதும் கடிதத்தின் இறுதியில் ‘ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை’ என்று எழுதுவோர் பலர். பணிவோடு எழுதுவதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். படிப்பவருக்கோ ‘பதில் வந்தாக வேண்டும்’ என்ற அதட்டல் கேட்கிறது. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்பதே அந்த இடத்துக்கு உரியது. அதில் ‘டு’ என்பதற்குப் பின் ‘ஹியர்’ என்று எழுதாமல் ‘ஹியரிங்’ என்று எழுத வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மனநிலை வேறுபாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இணை ‘ஃப்யூ’, ‘எ ஃப்யூ’. ஒரு சிறு ‘எ’ மட்டுமே இடையில் வேறுபடுகிறது. ‘எ ஃப்யூ பீப்பிள் கேம்’ என்றால் சிலர் வந்தார்கள். ‘ஃப்யூ பீப்பிள் கேம்’ என்றால் சிலரே வந்தார்கள். நம் ஏகாரம் செய்யும் வேலையை ஆங்கிலம் அந்த ‘எ’ என்பதை நீக்கிச் செய்கிறது. இதைத் தமிழர்களுக்கு விளக்க வேறு இலக்கண விதியே தேவையில்லை. சிலர், சிலரே என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் போதும். எண்ண முடியாதவற்றுக்கு ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ என்று வரும். மருத்துவர் ஒருவர் நோயாளியின் உறவினரிடம் ‘தேர் இஸ் எ லிட்டில் ஹோப்’ என்று சொன்னால், கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். ‘தேர் இஸ் லிட்டில் ஹோப்’ என்றால் நம்பிக்கைக்கு அனேகமாக இடமில்லை. அந்த ஓர் எழுத்தைக் கேட்கத் தவறியவர் எத்தகைய செய்தியோடு வீடு திரும்புவார் என்று எண்ணிப் பாருங்கள்.

விகுதி மட்டும் மாறும் இணைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ‘ஹிஸ்டாரிகல்’ என்பது வரலாற்றைச் சார்ந்தது, ‘ஹிஸ்டாரிக்’ என்பது வரலாற்றில் நிலைக்கும் சிறப்புடையது. ‘எகனாமிக்’ பொருளாதாரம் பற்றியது, ‘எகனாமிகல்’ சிக்கனமானது. இடைவெளியின்றித் தொடர்வது ‘கன்டின்யுவஸ்’, விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் நிகழ்வது ‘கன்டின்யுவல்’. ‘சென்ஸிபிள்’ விவேகமுள்ளவர், ‘சென்ஸிடிவ்’ எளிதில் மனம் பாதிக்கப்படுபவர். ‘அன்இன்டரஸ்டட்’ ஆர்வமில்லாதவர்; ‘டிஸ்இன்டரஸ்டட்’ தன்னலமின்றி நடுநிலையில் நிற்பவர். நீதிபதி பின்னவராக இருக்க வேண்டும், முன்னவராக இருக்கக் கூடாது. பிற்கூறிய இணையை இக்காலத்தில் ஆங்கிலேயரே கலந்து எழுதுகிறார்கள் என்றாலும், கவனமாக எழுதுவோர் பிரித்தே எழுதுகின்றனர். நாமும் அவ்வாறே செய்வது நல்லது.

ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருக்கும் சொற்கள் வேறு வகை. தாள், பேனா முதலியவற்றைக் குறிக்கும் ‘ஸ்டேஷனரி’, அசையாமல் நிற்பதைக் குறிக்கும் ‘ஸ்டேஷனரி’ ஆகிய இரண்டும் காதுக்கு ஒன்றே. கடைசி எழுத்துகளுள் ‘ஈ’ (e) வருவது எழுதுபொருள், ‘ஏ’ (a) வருவது அசையாதது. இவற்றுக்கு மேற்சொன்ன மூன்று கேள்விகளும் உதவா. கையால் எழுதிப் பழகுவதே வழி.

பொருள் ஒன்றாக இருந்தும் தொனி வேறுபடும் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளமாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் சட்டத்திலும் நெடுங்காலம் பிரெஞ்சு வழங்கியது. சமயத்திலும் கல்வியிலும் லத்தீன் நிலவியது. மக்கள் வீட்டில் பேசிய பழைய ஆங்கிலமும் அழியவில்லை. அதனால்தான் ‘ஆஸ்க்’, ‘க்வெஸ்ச்சன்’, ‘இன்டெராகேட்’ என்று ஒரே செயலுக்கு மூன்று படிகள் உள்ளன. முதலாவது சாதாரணமாகக் கேட்பது. இரண்டாவது வினையாக வரும்போது துருவிக் கேட்பது. மூன்றாவது காவலர் நடத்தும் விசாரணை போன்றது. ‘பை’, ‘பர்ச்சேஸ்’ ஆகியவையும், ‘பிகின்’, ‘கமென்ஸ்’ ஆகியவையும் இத்தகையவை. நம் அலுவலகக் கடிதங்களில் கனத்த சொல்லே மரியாதை என்ற எண்ணம் இன்னும் வலுவாக இருக்கிறது. நண்பருக்கு எழுதும்போது ‘ஐ பர்ச்சேஸ்ட் எ ஷர்ட்’ என்று எழுதினால் தவறில்லை, ஆனால் விறைப்பாகத் தோன்றும். ‘பாட்’ என்பதே அங்கு இயல்பு.

இனிப் பயிற்சி முறையைச் சொல்கிறேன். முதலில், ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போருக்கென்றே தொகுத்த ஆங்கிலம்–ஆங்கில அகராதி ஒன்றைக் கைக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி என்பவர் தம் சகாக்கள் இருவருடன் தொகுத்து 1942-இல் டோக்கியோவில் வெளியான அகராதி இவ்வகையில் முன்னோடியானது. 1948-இல் அதை ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் வெளியிட்டது. ஒவ்வொரு வினைக்கும் பின் எந்த அமைப்பு வரும் என்று அது காட்டியது. இன்றைய பயில்வோர் அகராதிகள் பலவற்றிலும் அந்த வழக்கம் தொடர்கிறது. பொருளைப் பார்ப்பதற்கு முன் அந்த அமைப்பையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் பாருங்கள்.

அடுத்து, ஒரு குறிப்பேட்டில் ஒவ்வோர் இணைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இடப்பக்கத்தில் தமிழ் வாக்கியத்தையும் வலப்பக்கத்தில் ஆங்கில வாக்கியத்தையும் எழுதுங்கள். சொல்லையும் பொருளையும் மட்டும் எழுத வேண்டாம். வாக்கியம் உங்கள் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும்: வங்கிக்கு எழுதும் கடிதம், பிள்ளையின் பள்ளிக்கு எழுதும் விடுப்பு விண்ணப்பம், மேலாளருக்கு அனுப்பும் மின்னஞ்சல் என்று. சில நாட்கள் கழித்து வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு, தமிழ் வாக்கியத்தைப் பார்த்து மீண்டும் எழுதுங்கள். இணையின் இரண்டு சொற்களுமே ஒரு வாக்கியத்தில் பொருந்துவதாகத் தோன்றினால், அந்த வாக்கியம் வேறுபாட்டைக் காட்டப் போதுமானதாக இல்லை என்று பொருள். அதை அடித்துவிட்டு, ஒரு சொல்லுக்கு மட்டுமே இடம் தரும் வேறொரு வாக்கியத்தை எழுதுங்கள்.