குன்சூம் கணவாயைக் கிராவல் சைக்கிளில் கடக்க

இமாச்சலப் பிரதேசத்தில் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கையும் லாஹௌலையும் இணைக்கும் குன்சூம் கணவாய் 4,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அதைக் கிராவல் சைக்கிளில், அதாவது சரளைப் பாதைக்கேற்ற அகல டயர்ச் சைக்கிளில், கடக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஏற்றம் எவ்வளவு கடுமை என்பதைத்தான். லாரியும் பேருந்தும் ஏறுவதற்காக வெட்டிய சாலை அது. லாஹௌல் பக்கம் உள்ள பாத்தலிலிருந்து உச்சி வரையிலான ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் சுமார் 600 மீட்டர் ஏறுகிறது, அதாவது சராசரியாக 5 சதவீதம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பழகிய கால்களுக்கு இது மலைப்பைத் தராது. ஆளை அசத்துபவை வேறு மூன்று: மெலிந்த காற்று, உருண்டைக் கற்கள் பரவிய தரை, சாலையை அறுத்துக்கொண்டு பாயும் ஓடைகள். தயாரிப்பு முழுவதையும் இம்மூன்றையும் மனத்தில் வைத்தே செய்ய வேண்டும்.

பயணத்தை மணாலியில் தொடங்காமல் ஷிம்லாவில் தொடங்குங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து புறப்படுபவர் இரண்டு மூன்று நாள்களிலேயே 4,000 மீட்டரை ஒட்டிய பாத்தலில் படுக்க நேரிடும், உடம்பு அதற்கு இசைவதில்லை. ஷிம்லாவிலிருந்து நார்கண்டா வழியாக இறங்கி, ராம்பூர், ரெக்காங் பியோ என்று சத்லஜ் ஆற்றை ஒட்டிச் சென்றால் உயரம் மெல்ல மெல்லக் கூடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின் ஒவ்வோர் இரவும் தூங்கும் இடத்தின் உயரத்தை முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இதனால்தான் 3,600 மீட்டரைத் தாண்டும் நாகோவில் இரவு தங்காமல், அங்கே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, தாழ்வான சாங்கோவுக்கு இறங்கித் தூங்குவது நல்லது. மறுநாள் தாபோ, அதற்கடுத்த நாள் காசா. காசாவில் குறைந்தது இரண்டு இரவு தங்கி, பகலில் சுமையில்லாமல் மேலே உள்ள லாங்சா கிராமம் வரை ஏறி, மாலையில் காசாவுக்கே திரும்பிப் படுத்தால், அடுத்து கணவாய்க்கு முந்தைய ஊரான லோசரில் சுமார் 4,080 மீட்டரில் தங்கும்போது தலைவலி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஊட்டியிலோ வால்பாறையிலோ எத்தனை மாதம் பயிற்சி செய்தாலும் இதற்கு ஈடாகாது. தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் சேர்ந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, அன்றே, கிடைத்த வண்டியில் ஏறிக் கீழே இறங்கிவிட வேண்டும். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றிப் புறப்படுமுன் உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். வழியில் சக பயணியிடம் வாங்கி விழுங்க வேண்டாம்.

இந்தியக் குடிமக்களுக்கு இவ்வழியில் தனி அனுமதி தேவையில்லை. சிங்கப்பூர், மலேசியா, இலங்கைக் கடவுச்சீட்டுடன் வரும் தமிழர்கள் எல்லையோரப் பகுதிக்கான அனுமதிச்சீட்டை ஷிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ பெற்றுக்கொள்ள வேண்டும்.

சைக்கிளில் எதற்குச் செலவழிப்பது என்று கேட்டால் டயருக்கு என்பேன். 40 மி.மீ. டயரில் போக முடியும், ஆனால் மணிக்கட்டு நொந்துபோகும். 45 முதல் 50 மி.மீ. வரை உங்கள் ஃபிரேம் இடங்கொடுத்தால் அதையே போடுங்கள். ட்யூப்லெஸ் டயரும் உள்ளே சீலன்டும் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) அவசியம். ட்யூப் போட்ட டயரில் காற்றைக் குறைத்தால், கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். அதற்கு அஞ்சிக் காற்றைக் கூட்டினால் சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளும். 70 கிலோ எடையுள்ளவர் 45 மி.மீ. ட்யூப்லெஸ் டயரில் பின்னால் 32, முன்னால் 29 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்று தொடங்கி, சுமைக்கும் தரைக்கும் ஏற்ப ஒன்றிரண்டு கூட்டியோ குறைத்தோ தமக்குச் சரியானதைக் கண்டுபிடிக்கலாம். உயரம் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து டயர் இறுகிவிடுமே என்று சிலர் கவலைப்படுவார்கள். 2,000 மீட்டரிலிருந்து 4,500 மீட்டருக்குப் போகும்போது அளவுமானி ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் குளிர் 20 டிகிரி கூடினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அதே அளவுக்குக் குறைத்தும்விடும். ஆகவே காலையில் புறப்படும் இடத்தில் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.

டயரின் பக்கவாட்டில் கூர்ங்கல் கிழித்தால் சீலன்ட் அடைக்காது. பாத்தலைத் தாண்டி வரும் சத்ரு என்ற இடத்துக்கு அருகே எனக்கு அப்படி இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிந்தது. காலியான பற்பசைக் குழாயை வெட்டி, கழுவி, தட்டையாக்கிப் பையில் வைத்திருந்தேன். அதைக் கிழிசலுக்கு உட்புறமாக வைத்து, மேலே ட்யூபைப் போட்டுக் காற்றடித்தபோது, பிதுங்கி வெளியே வந்த வெள்ளைத் துண்டில் விலை அச்சடித்திருந்தது தெரிந்தது. மணாலி வரை அது தாங்கியது. அந்தத் துண்டோடு ஒரு ட்யூப், சீலன்ட் ஒரு சிறு புட்டி, ஓட்டை அடைக்கும் ரப்பர் திரிகள், செயின் இணைப்பி, உங்கள் சைக்கிளுக்கே உரிய டெரெய்லியர் ஹேங்கர் (கியர் மாற்றியை ஃபிரேமோடு பிணைக்கும் துண்டு) ஆகியவையும் பையில் இருக்கட்டும். சிறிய பித்தளை வால்வு அடாப்டர் ஒன்றையும் மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் லாரிக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில் கம்பிரஸர் இருந்தும் உங்கள் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குக் காற்று பிடிக்க முடியாது.

கியரில் பெடலோடு சுழலும் முன்பக்கப் பல்சக்கரத்தின் பற்கள் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தின் பற்களைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சமவெளியில் அது கேலிக்குரியதாகத் தோன்றும். 4,000 மீட்டருக்கு மேல் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகமே கைகூடும் என்பதால், அங்கே அந்தக் கியர்தான் உங்களை இறங்கித் தள்ளவிடாமல் காப்பாற்றும்.

சரளையில் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேலிருக்கும் எடை போய் அது வெறுமனே சுழலும். சீட்டின் முன்நுனியில் அமர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்தி, ஒரே சீராக மிதியுங்கள். இறங்கும்போது ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து, பெடல்கள் இரண்டையும் தரைக்கு இணையாக வைத்து, இடுப்பைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். முன்சக்கரம் சரளையில் சற்று அலைந்தால் அலையட்டும். இறுக்கிப் பிடித்தால்தான் விழுவீர்கள். ஓலை விசிறியின் மடிப்புபோல் சாலை வரிவரியாகக் கிடக்கும் இடங்களில் அதன் ஓரம் பெரும்பாலும் மிருதுவாக இருக்கும், ஆனால் பள்ளத்தாக்குப் பக்க ஓரத்தை நம்பாதீர்கள்.

இனி ஓடைகள். பாத்தலுக்கும் கிராம்பூவுக்கும் இடையில் பனி உருகி வரும் நீர் பல இடங்களில் சாலையின் மேலேயே ஓடுகிறது. உள்ளூர்க்காரர்கள் இவற்றை நாலா என்கிறார்கள். இரவுக் குளிரில் உருகுவது நின்றுவிடுவதால் விடியற்காலையில் கணுக்கால் நனையும் அளவே இருக்கும் அதே நாலா, பிற்பகல் மூன்று மணிக்குத் தொடையைத் தொடும். எனவே பாத்தலில் இரவு தங்கி, வெளிச்சம் வந்ததும் கிளம்பி, பத்து மணிக்குள் பெரிய நாலாக்களைத் தாண்டிவிடுங்கள். ஜூன் இறுதியைவிட செப்டம்பரில் நீர் குறைவு; ரெக்காங் பியோ இருக்கும் கின்னௌர்ப் பக்க நிலச்சரிவுத் தொல்லையும் மழையோடு அப்போது தணியத் தொடங்கும். நீரில் ஓட்டிப் பார்க்காமல் இறங்கி நடப்பது நல்லது, ஏனென்றால் கலங்கிய நீருக்குள் கல்லின் அளவு தெரியாது. சைக்கிளை நீர் போகும் பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் பிடித்தால் நீர் அதை உங்கள் மேல் தள்ளிக் காலை வாரிவிடும். வெறுங்காலோடு இறங்காமல் செருப்பை வார்போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு மேல் இழுப்போடு ஓடினால், லாரி வரும்வரை காத்திருங்கள். அந்தச் சாலையில் கைகாட்டினால் பெரும்பாலும் நிறுத்துவார்கள்.

லோசரிலிருந்து குன்சூமுக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர். உச்சியில் குன்சூம் தேவியின் கோயில் இருக்கிறது. வண்டியோட்டிகள் அதைச் சுற்றிவந்தே மறுபக்கம் இறங்குவது வழக்கம். அதிக நேரம் நிற்க வேண்டாம், வியர்வை ஆறுவதற்குள் காற்றுத் தடுக்கும் மேலாடையைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

நாலாக்களின் மணல் கலந்த நீர் பிரேக் பேடுகளை அரம்போல் ராவிவிடும். ஈரத்தில் ரெசின் பேடுகள் சீக்கிரம் தேயும், உலோகப் பேடுகள் நீடிக்கும். கிராம்பூவில் மணாலிச் சாலையைப் பிடித்து 3,978 மீட்டர் ரோதங் கணவாய்க்கு ஏறியபின், மணாலிக்கு 51 கிலோமீட்டர் இறக்கம் காத்திருக்கிறது. எனவே ரோதங் உச்சியிலேயே சக்கரத்தைக் கழற்றி, பேடின் கனத்தைக் கண்ணால் பார்த்து, ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் புதியதை மாட்டி, டயரில் தார்ச்சாலைக்கு ஏற்பக் காற்றை ஏற்றிக்கொண்டு இறங்குங்கள்.