எஸ்.ஓ.பி.யை மெஷின் பக்கத்தில் நின்று எழுதுங்கள்

தயாரிப்பு லைனில் தவறு நடந்தால் "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று ரிப்போர்ட்டில் எழுதி முடித்துவிடுகிறார்கள். குவாலிட்டியில் வேலை பார்க்கும் எனக்கு அந்த வரியைப் பார்த்தாலே கோபம் வரும். ஆளை மாற்றிய பிறகும் அதே தவறு வருகிறதென்றால் கோளாறு வேலை முறையில்தான்.

எஸ்.ஓ.பி.யை, அதாவது ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்லும் தாளை, ஆபீசில் உட்கார்ந்து எழுதாதீர்கள். அந்த வேலையை நன்றாகச் செய்கிற ஆபரேட்டர் பக்கத்தில் நின்று, அவர் கையைப் பார்த்து எழுதுங்கள். அடுத்த ஷிப்டிலும் போய்ப் பாருங்கள். ஆளுக்கொரு விதமாகச் செய்வது அப்போதுதான் தெரியும். தாளில் மூன்று கட்டம்: என்ன செய்வது, எதைக் கவனிப்பது, ஏன்.

கேஸ்கட் (கசியாமலிருக்க இடையில் வைக்கும் அடைப்பு) வைத்த மூடிக்கு நான்கு போல்ட் முடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "சரியாக முடுக்கவும்" என்றால் யாருக்கும் பிரயோஜனமில்லை. முதலில் நான்கையும் கையால் திருக வேண்டும். அப்புறம் எதிரெதிர் மூலையாகப் பாதி டார்க்கில் (முடுக்கும் விசையில்) ஒரு சுற்று, முழு டார்க்கில் இன்னொரு சுற்று. முடித்த ஒவ்வொரு போல்ட்டிலும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு. ஏன்? ஒரு பக்கமாகவே முடுக்கிக்கொண்டு போனால் மூடி சாயும், கேஸ்கட் ஒரு பக்கம் நசுங்கி எதிர்ப்பக்கம் கசியும். இந்தக் காரணம் தெரிந்தவர் அவசரத்திலும் படியைத் தாண்டத் தயங்குவார்.

பயிற்சிக்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளுக்காக வந்த டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி) என்ற பயிற்சி முறையின் நான்கு படிகளையே நான் பின்பற்றுகிறேன்: ஆளைத் தயார்படுத்துவது, செய்துகாட்டுவது, செய்யவைத்துப் பார்ப்பது, பிறகும் கவனித்துக்கொண்டிருப்பது. மூன்றாவது படியில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஒரு தடவை சரியாகச் செய்ததும் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். "ஏன் எதிர் மூலைக்குப் போனீங்க?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையா, சொல்லிக்கொடுத்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சரி, நன்றாகக் கற்றவருக்கும் ஷிப்ட் முடியும் நேரத்தில் மறதி வருமே? அதற்குத்தான் போக்கா-யோக்கே, அதாவது தவறு நடக்காமல் தடுக்கிற, நடந்தால் உடனே காட்டிக்கொடுக்கிற எளிய ஏற்பாடு. 1961-இல் ஜப்பானில் ஒரு சுவிட்ச் தயாரிப்பில், உள்ளே வைக்க வேண்டிய இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று அடிக்கடி விட்டுப்போனது. ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர், முதலில் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரு சின்னத் தட்டில் எடுத்துவைத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொன்னார். தட்டில் ஸ்பிரிங் மிஞ்சினால் விட்டுப்போனது அங்கேயே தெரிந்துவிடும். செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் லைனிலும் முதலில் இப்படி ஒரு தட்டுக்கு வழியிருக்கிறதா பாருங்கள், சென்சாரெல்லாம் அப்புறம்.

பார்ட்டோ டூலோ மாறினால் அன்றைக்கே எஸ்.ஓ.பி.யைத் திருத்துங்கள். மெஷினில் ஒட்டியிருக்கும் பழைய தாளைக் கிழித்துவிட்டு, நைட் ஷிப்ட் ஆட்களுக்கும் நேரில் செய்துகாட்டிய பிறகே லைனை ஓட்டுங்கள்.