அதிக உதிரப்போக்குக்கு ஹார்மோன் லூப்: போடும் முன்பும் போட்ட பிறகும்

ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? 7 நாள் தாண்டியும் நிற்கவில்லையா? இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. ‘கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்றால் உடனே தலையாட்டவும் வேண்டாம். அதற்கு முன் டாக்டரிடம் ஹார்மோன் லூப் பற்றிக் கேளுங்கள்.

மிரேனா என்ற பெயரில் பலரும் அறிந்தது இது. கர்ப்பப்பைக்குள் வைக்கும், 32 மி.மீ. நீளமும் அகலமும் கொண்ட ‘டி’ வடிவப் பிளாஸ்டிக். தண்டில் 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் மருந்து. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் கசிந்து, கர்ப்பப்பையின் உட்சவ்வு தடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. உதிர வேண்டிய சவ்வு குறைந்தால் ரத்தமும் வலியும் குறைகின்றன. காப்பர் டி வேறு. அது உதிரப்போக்கைக் கூட்டக்கூடியது. மருந்து குறைந்த சிறிய ஹார்மோன் லூப்களும் உண்டு, ஆனால் அதிக உதிரப்போக்குக்கு 52 மி.கி. வகையைத்தான் கேட்க வேண்டும்.

போடும் முன் ஸ்கேன், ஹீமோகுளோபின், கர்ப்பப் பரிசோதனை பார்த்துவிட வேண்டும். 45 வயதைக் கடந்தவர்களுக்கும், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம் படுபவர்களுக்கும் உட்சவ்வுத் திசுப் பரிசோதனை தேவைப்படலாம். இதைத் தவிர்க்காதீர்கள்: காரணம் தெரியாத ரத்தப்போக்குக்கு லூப் போட்டால் புற்றுநோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக் கட்டி) 3 செ.மீ.க்குள் இருந்து, கர்ப்பப்பையின் உள்ளறையை அழுத்தாவிட்டால் போடலாம். உள்ளறை கோணியிருந்தால் லூப் நழுவி வெளியே வந்துவிடும். மார்பகப் புற்றுநோய், இடுப்புப் பகுதித் தொற்று, கல்லீரல் கட்டி இருந்தால் கூடாது.

மாதவிடாய் தொடங்கிய 7 நாட்களுக்குள் போடுவது வசதி. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இல்லாதவர்கள் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் முன்பு ஐபுபுரோஃபென் 400 மி.கி. போட்டுக்கொள்ளலாம். கர்ப்பப்பை வாயைப் பிடித்து நிறுத்தும்போதும், உள்நீளத்தை அளக்கும்போதும் சுரீரென்று வலிக்கும். மரத்துப்போகும் ஊசி கேட்பதில் கூச்சமே வேண்டாம். கேட்காமல் யாரும் தருவதில்லை என்ற நிலை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. முடிந்ததும் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். 10 நிமிடம் படுத்திருங்கள்.

முதல் 3 முதல் 6 மாதம்தான் சோதனை. சொட்டுச் சொட்டாக, நாள் கணக்கில் கறை படும். பழைய சவ்வு ஒழுங்கில்லாமல் உதிர்வதால் வருவது அது. லூப் பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. இந்தக் கட்டத்தில் மனம் வெறுத்துக் கழற்றிவிடுவதுதான் மிகப் பெரிய இழப்பு, ஏனென்றால் பலன் அதற்குப் பிறகுதான் முழுதாகத் தெரியும்: 6 மாதத்தில் பெரும்பாலோருக்கு ரத்தப்போக்கு 80 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. ஓராண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாய் நின்றே போகும். கெட்ட ரத்தம் உள்ளே தேங்குகிறது என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். வெளியேற அங்கே எதுவும் சேரவில்லை. ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

4 முதல் 6 வாரத்தில் ஒருமுறை காட்டுங்கள். மென்ஸ்ட்ருவல் கப் பயன்படுத்துபவர்கள் விளிம்பை அழுத்திக் காற்றை உள்ளே விட்ட பிறகே எடுக்க வேண்டும். அப்படியே இழுத்தால் லூப்பும் கூடவே வரலாம். குறைந்திருந்த ரத்தப்போக்கு திடீரென்று பழையபடி ஆனாலோ, லூப்பின் அடியில் தொங்கும் நூல் விரலில் தட்டுப்படாவிட்டாலோ ஸ்கேன் எடுக்க வேண்டும். 20 பேரில் ஒருவருக்கு லூப் நழுவக்கூடும்; சுமார் ஆயிரத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைக்கலாம். போட்ட 3 வாரத்துக்குள் காய்ச்சலோடு அடிவயிற்று வலி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் வந்தால் அன்றே போங்கள். லூப் இருக்கும்போது கரு தங்குவது அபூர்வம். தங்கினால் கருக்குழாயில் தங்கும் ஆபத்து அதிகம்.

உதிரப்போக்குக்காகப் போட்டவர்கள் 5 ஆண்டில் மாற்றிக்கொள்ளலாம். கழற்றுவது சில நொடி வேலை. நூலைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். உடனே கர்ப்பம் வேண்டாம் என்பவர்கள் கழற்றுவதற்கு 7 நாள் முன்பிருந்தே ஆணுறை பயன்படுத்துங்கள்.